மும்மயச் சிப்பி மலடு என்கிறார்கள், முட்டை ஏன் தெரிகிறது?

வெர்சோவா மாணவன் (மும்பை):
பசிபிக் சிப்பியில் இயல்பாக 20 குரோமோசோம், டிரிப்ளாய்டில் (மும்மயம், ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டுக்குப் பதில் மூன்று) 30. பிறகும் சிலவற்றின் இனப்பையில் முட்டை இருக்கிறதே, எப்படி சார்? இங்கே ஆய்வகத்தில் டிரிப்ளாய்டு உருவாக்க என்ன கவனிக்க வேண்டும்?

மரபியல்காரர்:
முழு மலடு இல்லை தம்பி. ஒவ்வொரு குரோமோசோமும் மூன்று பிரதி. குன்றல் பிரிவில் (முட்டை, விந்து உருவாகும்போது குரோமோசோம்கள் பிரியும் நிலை) இரண்டு ஒருபக்கம், ஒன்று மறுபக்கம் போகும். பத்துத் தொகுதியும் தனித்தனியே பிரிவதால் முட்டைக்குச் சராசரியாக 15. சரியாக 10 அமைய 1024-க்கு ஒரு வாய்ப்புதான். சாதாரண விந்தோடு சேர்ந்தால் 25-ஐ ஒட்டிய கரு. பெரும்பாலும் லார்வாவிலேயே செத்துவிடும்.

குஞ்சுப்பண்ணை:
கீறி எடுத்த முட்டையைக் கடல்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு விந்து சேருங்கள். இல்லையென்றால் முட்டைகள் ஒரே நிலையில் இராது. பாதி முட்டைகளில் முதல் துருவ உடல் (முட்டை தன் உபரி குரோமோசோம்களை வெளியேற்றும் சிறு செல்) வெளிவந்ததும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் சைட்டோகலாசின் பி, சுமார் 15 நிமிடம். இந்த ரசாயனம் இரண்டாம் துருவ உடலை வெளியேற விடாது; அதிலுள்ள குரோமோசோம்கள் உள்ளேயே தங்கி டிரிப்ளாய்டு உருவாகும். கடிகாரத்தை நம்பாதீர்கள், நுண்ணோக்கியைப் பாருங்கள்: நீர் குளிர்ந்தால் எல்லாம் தாமதமாகும். அவசரப்பட்டால் முதல் துருவ உடலே அடைபட்டு, கணக்கு குழம்பிய கருக்கள்தான் மிஞ்சும். சைட்டோகலாசின் நச்சு, கையுறை கட்டாயம்.

மரபியல்காரர்:
டெட்ராப்ளாய்டு ஆண் (ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு பிரதி உள்ளது) கிடைத்தால் ரசாயனமே வேண்டாம்: விந்தில் 20, முட்டையில் 10. எந்த வழியானாலும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் முறை) டிஎன்ஏ அளவு சாதாரண சிப்பியைவிட ஒன்றரை மடங்கா என்று பார்த்துவிடுங்கள்.