லயத்து இஸ்தோப்பில் ஒரு பேன்டம்: பழைய பைக்கைக் கழற்றிப் பூட்டிய கதைகள்

நோர்வூட் பக்கத்திலிருந்து

பழைய பைக்கை வீட்டில் வைத்தே கழற்றிப் பூட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

எங்களுடையது பி.எஸ்.ஏ. என்ற பிரித்தானியக் கம்பனியின் பேன்டம், டி1 மொடல், 123 சிசி. ஒரு காலத்தில் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சின்னதுரை (உதவி மேலாளர்) ஓட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் போய்விட்டார்கள், பைக் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் பின்னால் மழையில் கிடந்தது. தாத்தா அதே ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். பழைய இரும்போடு சேர்த்து விலை பேசி எடுத்து, தானே பழுது பார்த்து, கண் மங்கும்வரை ஓட்டினார். அதன்பிறகு அது எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், விறகுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. எனக்குத் தெரிந்து அது கோழி ஏறி உட்காரும் சாமான், அவ்வளவுதான்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. ஓட்டைப் பைக்குக்கெல்லாம் விலை ஏறியது. ஊரடங்கில் கையும் சும்மா இருந்தது. கோழியை இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

கிக்கரில் ஏறி நின்று மிதித்தாலும் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, ஒன்பது நாள் அப்படியே விட்டேன். தினமும் கொஞ்சம் ஊற்றுவது, கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பது. பத்தாம் நாள் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினேன். முதலில் ஒரு நூல் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். சுத்தியலால் நேரே அடிக்காதீர்கள். பிஸ்டன் அலுமினியம், பொத்துவிடும்.

அடுத்தது சாவி. என்னிடம் இருந்தது மில்லிமீற்றர் செட். 13ஆம் நம்பர் நட்டில் நுழையவில்லை, 14 போட்டால் வழுக்கி நட்டின் மூலையை உருட்டிவிட்டது. இரண்டு நட்டைக் கெடுத்த பிறகுதான் சீட்டுக்குக் கீழே கம்பியால் கட்டியிருந்த தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே தாத்தாவின் சாவிகள், ஒவ்வொன்றிலும் கால், அரை என்று பின்னக் கணக்கு, பக்கத்தில் ஆங்கில டபிள்யூ. விட்வர்த் என்ற பழைய பிரித்தானிய அளவுமுறைச் சாவி. அதில் இருக்கும் அளவு நட்டின் தலைக்கு இல்லை, போல்ட்டின் தடிப்புக்கு. கால் இஞ்சிச் சாவியின் வாய் 13.3 மில்லிமீற்றர் வரும், அதனால்தான் என் 13உம் 14உம் தோற்றன. சாவிகளை எடுத்துக்கொண்டேன். டப்பா துருப்பிடித்த அசிங்கம், ஒரிஜினலும் இல்லை. கம்பியை வெட்டி எடுத்து, கோழிக்குத் தீவனம் போட வைத்தேன்.

அப்போது எனக்கு இந்த ‘ஒரிஜினல்’ பைத்தியம் முற்றியிருந்தது. இணையத்தில் வாசித்து வாசித்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்ற ஜேர்மன் பைக்கின் வரைபடம் நட்டஈடாக பிரிட்டனுக்குப் போனது, பி.எஸ்.ஏ.காரர்கள் அதைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்வலம் புரட்டி 1948இல் பேன்டமாக விட்டது, யமஹாவின் முதல் பைக்கும் அதே ஜேர்மன்காரனைப் பார்த்துச் செய்ததுதான் என்பது வரைக்கும் ஒப்பிப்பேன். கேட்க ஆள் இல்லாவிட்டால் கோழிக்குச் சொல்வேன்.

எஞ்சினைப் பிரித்தபோது கனெக்டிங் ரொட்டின் மேல் புஷ், அதாவது பிஸ்டன் பின் ஆடும் வெண்கல வளையம், கம்பனிச் சாமான் இல்லை என்று தெரிந்தது. ஸ்டோரில் கழித்துப்போட்ட ஏதோ மெஷினின் வெண்கலத்தைத் தாத்தா லேத்தில் கடைந்து போட்டிருக்கிறார். உளியின் கோடு உள்பக்கத்தில் சுருள் சுருளாகத் தெரிந்தது. மாற்ற வேண்டும் என்று, உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வேர்னியரைப் போட்டுப் பார்த்தார், பிறகு பின்னைக் கோர்த்து ஆட்டிப் பார்த்தார். “இத யாரு கடைஞ்சது? நான் குடுக்குறது இவ்வளவு நல்லா இருக்காது தம்பி, கொண்டு போங்க” என்றார். கிராங்கின் இரண்டு பக்கத்து ஒயில் சீலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். டூ ஸ்ட்ரோக் எடுப்பவர்கள் கவனியுங்கள், சீல் போனால் அந்த வழியாகக் காற்று இழுக்கும். நீங்கள் வாரக்கணக்காகக் காபரேட்டரைக் கிண்டிக்கொண்டிருப்பீர்கள்.

டேங்கின் துருவுக்கு வினாகிரி இரண்டு நாள். ஒரு பிடி நட்டைப் போட்டுக் குலுக்கி, அப்பச்சோடா கரைத்துக் கழுவினேன். எங்கள் பக்கத்து மூட்டத்தில் கழுவிய டேங்க் விடிவதற்குள் மறுபடி சிவந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் காயவைத்து அன்றைக்கே உள்ளே 2டீ ஒயிலைச் சுழற்றிவிடுங்கள். பெயின்ட், அந்தப் பழைய மங்கல் பச்சை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் வழிந்தது.

ஓட ஆரம்பித்த பிறகு ஏற்றத்தில் இருமியது. பிளக்கைக் கழற்றினால் கரி. இதற்கு மலைதான் காரணம். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே காற்று கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெல்லிசு. பெற்றோல் அதே அளவு வந்தால் கலவை கெட்டிப்படத்தான் செய்யும். காபரேட்டர் ஊசியில் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினேன், ஊசி அந்த அளவு இறங்கியது, இருமல் நின்றது. கொழும்புக்கு இறங்கினால் பழையபடி மாற்ற வேண்டும். மறந்து ஓட்டினால் எஞ்சின் சுடும்.

இன்னொன்று. நம்பர் பிளேட் பழைய சிங்கள ‘ஸ்ரீ’. அதற்காகவே பைக்கைக் கேட்டு ஒருவர் கொழும்பிலிருந்து காரில் வந்தார். 1958இல் இந்த எழுத்துச் சண்டையில் பலகைகளில் தார் பூச, நாட்டில் தார் வாளிகள் அலைந்தன. இப்போது அதற்கே விலை பேசுகிறார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

தலவாக்கலையிலிருந்து

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணன். நம்மளுடையது அவ்வளவு பழசு இல்லை, ஹொண்டா சிடி 200. ரெண்டு சிலிண்டர், செயின் முழுக்க மூடி, மழைக்கு ஏத்த சாமான். ரோட்டில் நிறுத்தினா ஐம்பது வயசுக்கு மேல உள்ள ஆள் யாராவது வந்து “என்கிட்டயும் ஒன்னு இருந்துச்சு” என்பார்.

செஞ்ச முட்டாள்தனத்தைச் சொல்றேன். பிரேமுக்கு பவுடர் கோட்டிங் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. 2022இல் பெற்றோல் இல்லாம போய், கியூஆர் கோட் காட்டி பெற்றோல் வாங்குற முறை வந்தது ஞாபகம் இருக்கும், பைக்குக்கு முதல்ல வாரம் 4 லீற்றர்தான் தந்தாங்க. பதிய வாகன நம்பரோடு செசி நம்பரும் கேட்டது. கையில இருந்தது பதிவுப் புத்தகத்தின் போட்டோ கொப்பி, கடைசி மூணு இலக்கம் மங்கல். சரி, ஹேண்டில் கழுத்தில் அடிச்சிருக்கும், பார்ப்போம்னு போனா கோட்டிங் அப்படியே மூடிக் கிடக்குது. மொபைல் லைட்டைச் சாய்ச்சுப் பிடிச்சேன். பென்சிலால தேய்ச்சேன். கடைசியில அரத்தை எடுத்து, அவ்வளவு காசு கொடுத்து அடிச்ச கோட்டிங்கைச் சுரண்டினேன். அந்த 4 லீற்றருக்காகச் சுரண்டின இடம் இன்னும் வெள்ளையா இருக்கு. பெயின்ட் கொடுக்க முன்னாடி நம்பர் மேல டேப் ஒட்டச் சொல்லுங்க.

பெற்றோல் ஷெட் வரிசையிலயும் ஒரு சம்பவம். முன்னாடி நின்ன சிங்கள ஐயா ஒருவர் என் வண்டி ஐட்லிங்கைக் கேட்டுட்டு, பொயின்ட் கேப், அதாவது பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கிற பொயின்ட்டோட இடைவெளி, கூடிப்போச்சு என்றார். பர்சிலிருந்து ஒரு பழைய விசிட்டிங் கார்ட்டை எடுத்து, அதையே அளவா வச்சு வரிசையில நின்றபடியே சரி பண்ணிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பீலர் கேஜ் போட்டேன். 0.35 மில்லிமீற்றர், அதாவது இருக்க வேண்டிய 0.3க்கும் 0.4க்கும் நட்ட நடுவுல.

பண்டாரவளையிலிருந்து

நீங்கள் எல்லாரும் பழையதைப் பழையபடி ஆக்குகிறீர்கள். நான் ஹொண்டா சிஜி 125ஐ வெட்டினேன். பின்பக்க பிரேமை அறுத்து, சீட்டைச் சின்னதாக்கி, ஹேண்டிலைக் குட்டையாக்கி, பழைய ரேஸ் பைக் மாதிரி ஒரு கபே ரேசர்.

அப்பா வந்தார். சுற்றிப் பார்த்தார். “நல்லாருக்கு. லீக்ஸ் மூட்டைய எங்க கட்டுறது?” என்றார். இதே பைக்கில்தான் அவர் வெலிமடைப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றியவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சுற்றுலாப் பயணிகள் வரும் எல்ல ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நின்று படம் எடுத்தார்கள். அது மட்டும்தான் இலாபம். இராவணா நீர்வீழ்ச்சி தாண்டி வெல்லவாயப் பக்கம் இறங்கும்போது உடம்பின் முழுப் பாரமும் மணிக்கட்டில். குட்டை ஹேண்டிலை வளைவில் திருப்பினால் முழங்கால் இடிக்கும். மனைவி ஒரு தரம் பின்னால் ஏறினார், அடுத்த தரம் பஸ்ஸில் வந்தார். அறுத்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. போன மாதம் மறுபடி வெல்டிங் வைத்து கெரியரும் பூட்டினேன். கோடு தெரிகிறது. அப்பா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, மூட்டையைத்தான் கட்டினார்.

அண்ணன் நோர்வூட், அந்த டப்பா இன்னும் இருக்கிறதா? படம் போடுங்களேன்.

மறுபடி நோர்வூட்டிலிருந்து

டப்பா கதையை எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். கேட்டதால் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்து முதல் முறை மேல்மலை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். ஹொண்டாவில் பழகிய கால், கியர் வலப்பக்கம் என்பதை மறந்து பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தபடி மேல் லயத்து வாசலில் போய் நின்றேன். அங்கே இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அந்த லயத்து அப்பாயி ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். கொழுந்தெடுத்த காலத்தில் இந்தச் சத்தம் கீழ் வளைவில் கேட்டாலே மலை முழுக்க நிமிர்ந்து கை வேகமாகுமாம். பேச்சு நிற்குமாம். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்தும் கால் தானாக எழுந்திருக்கிறது.

“தொர வர்றாருன்னு நெனச்சுட்டேன் தம்பி” என்று அவரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு காதைச் சாய்த்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது தொர ஓட்டுன சத்தம். ஒங்க தாத்தா ஓட்டுனா கலகலன்னு ஒன்னு சேந்து வருமே. அது கேட்டா நாங்க எந்திரிக்க மாட்டோம், பிட்டரய்யாதான்னு கொழுந்துக் கூடையக்கூட எறக்கி வச்சிருவோம். அத எங்க கழட்டிப் போட்ட?”

சாவி டப்பா. கம்பியில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் ஆடியிருக்கிறது.

அன்று பின்னேரமே கோழியிடமிருந்து வாங்கிக் கழுவி, சாவிகளை உள்ளே போட்டு, அதே இடத்தில் கம்பியால் கட்டினேன். பெயின்ட் அடிக்கவில்லை. படம் நாளைக்குப் போடுகிறேன். கோழிகளுக்கு இப்போது மாஜரின் டப்பா.