அதிவேக ரயில் பாதைக்குத் ‘தொடர்கண் பாலம்’

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் பாதைக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், தூண்களின் மேல் கிலோமீட்டர் கணக்கில் நீளும் ‘வயாடக்ட்’ என்னும் அமைப்புக்கு ‘மேம்பாலம்’ என்றே எழுதிவிடலாம் என்று தென்காசி அண்ணாச்சி அவர்கள் கருத்துத் தெரிவித்திருந்தார்கள். நாளிதழ்களில் ஏற்கெனவே பழகிய சொல் என்று அவர்கள் காட்டிய காரணம் எனக்கும் ஏற்புடையதே. ஆயினும் இந்தச் சொல்லில் மட்டும் அவர்களோடு உடன்பட இயலவில்லை.

மேம்பாலம் என்பது குறுக்கே கிடக்கும் ஒன்றைத் தாண்டுவதற்காக ஏறி, தாண்டியதும் இறங்கிவிடுவது. திருநெல்வேலிச் சந்திப்பில் 1973 முதல் நிற்கும் ஈரடுக்கு மேம்பாலம் தண்டவாளத்தைத் தாண்டி டவுன் பக்கம் இறங்குகிறது. அதற்கு அந்தப் பெயர் முற்றும் பொருந்தும். மும்பை–அகமதாபாத் பாதையிலோ மொத்தமுள்ள 508 கிலோமீட்டரில் 460 கிலோமீட்டருக்கு மேல் தூண்களின் மீதே அமைகிறது. சுரங்கமாகச் செல்வது 21 கிலோமீட்டர். அதில் 7 கிலோமீட்டர் தாணே கடற்கழியின் அடியில் போகிறது. தரையோடு ஒட்டிச் செல்லும் பகுதி மிகச் சொற்பம். தைவான் தன் முதல் அதிவேகப் பாதையை 2007இல் திறந்தபோது, அதன் ஒரே தொடர்ப்பாலம் 157 கிலோமீட்டர் நீளம் இருந்தது. நம்மூர்ச் சந்திப்பில் ரயிலேறி மதுரையில் இறங்கும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான். அத்தனை தூரமும் இறங்காமல் போகும் ஒன்றை மேம்பாலம் என்று சொன்னால், படிக்கிறவர் மனத்தில் தவறான வடிவமே பதியும்.

‘உயர்மட்டப் பாலம்’ என்ற பரிந்துரையையும் விலக்க வேண்டியிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கும் தரைப்பாலத்துக்கு மாற்றாக ஆற்றின் குறுக்கே உயர்த்திக் கட்டுவதையே நெடுஞ்சாலைத் துறையும் மக்களும் அவ்வாறு அழைக்கிறார்கள். ‘வான்பாலம்’ அழகாக இருக்கிறது. ஆனால் வான்வழி, வானூர்தி என்னும் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும்.

பாதையைத் தூண்மேல் ஏற்றுவதன் காரணத்தைப் பார்த்தால் சொல்லுக்கு எது தேவை என்பது தெளிவாகும். மணிக்கு 320 கிலோமீட்டரில் ஓடும் வண்டிக்குக் குறுக்கே கேட் வைக்க முடியாது. தண்டவாளத்துக்காக மண்ணைக் கொட்டி உயர்த்தும் மண்கரை சிறிது அமுங்கினாலும் தண்டவாள மட்டம் கெடும். தூண்களென்றால் 17.5 மீட்டர் அகல நிலம் போதும். கீழே வண்டிப்பாதையும் வாய்க்காலும் இருந்தபடியே இருக்கும். 1964இல் ஜப்பான் திறந்த உலகின் முதல் அதிவேகப் பாதையில் பெரும்பகுதி மண்கரைதான். பின்னால் போட்ட பாதைகளில் அவர்களும் பாலத்தையே பெரிதும் நாடினார்கள். மண்கரையின் குறை நமக்குப் புதிதன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர்ப் பாதையில் கரை மண்ணும் சல்லியும் அரித்துப்போய், தண்டவாளம் சிலிப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கியதையும், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதையும் நாம் அனைவரும் பார்த்தோம். குளம் நிரம்பி வழியும் மறுகால் நீர் போக வழியில்லாத இடத்தில் கரை என்ன பாடுபடும் என்பது தாமிரவருணிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த அமைப்பின் உயிர் உயரத்தில் இல்லை, கீழே அடுத்தடுத்துத் திறந்திருக்கும் இடைவெளிகளில் இருக்கிறது என்பது என் கருத்து.

அந்த இடைவெளிக்கு நம்மிடம் ‘கண்’ என்ற சொல் புழக்கத்திலேயே இருக்கிறது. மதகுக்குக் கண் உண்டு, ஓடைப்பாலத்துக்குக் கண் உண்டு. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் கழுதுருட்டி அருகே உள்ளதைப் ‘பதிமூணு கண் பாலம்’ என்றுதான் நம் மக்கள் சொல்கிறார்கள். 1904இல் திறந்த அந்தப் பாதை அகலப்பாதையாக மாறிய பின்னும் அந்தப் பாலம் நிற்கிறது. பள்ளத்தின் மேல் கண் கண்ணாக ரயிலைத் தாங்கிச் செல்லும் அதுவே இலக்கணப்படி ஒரு ‘வயாடக்ட்’. ஆகவே ‘தொடர்கண் பாலம்’ என்பதை முன்மொழிகிறேன். நர்மதை போன்ற ஆறுகளைத் தாண்டும் பகுதிகளுக்கு ‘ஆற்றுப்பாலம்’ தனியே இருக்கட்டும்.

இந்தச் சொல்லை ஏற்றால் இதன் குடும்பமும் எளிதில் அமைகிறது. தூணுக்குத் தூண் உள்ள தூரம் ‘கண் நீளம்’ ஆகும். மும்பை–அகமதாபாத் பாதையில் 40 மீட்டர் கண் ஒன்றுக்கான பெட்டி உத்திரத்தை (பெட்டிபோல் உள்ளே கூடாக இருக்கும் கான்கிரீட் உத்திரம்), ஏறக்குறைய 970 டன் எடையில், களத்திலேயே ஒரே துண்டாக வார்க்கிறார்கள். முன்பே பொருத்திய உத்திரங்களின் மீது பல சக்கர வண்டியில் அதைக் கொண்டுபோய், அடுத்த இரு தூண்களின் மேல் எந்திரத்தால் இறக்கி வைக்கிறார்கள். இதை ‘முழுக்கண் ஏற்றுமுறை’ என்றும், சிறு துண்டுகளைத் தொங்கவிட்டு இரும்பு வடத்தால் இறுக்கிச் சேர்ப்பதைத் ‘துண்டுக்கண் முறை’ என்றும் அழைக்கலாம். மேம்பாலம் என்ற சொல்லிலிருந்து இத்தகைய சொற்களைப் பெற வழியில்லை.

கண் என்பது வளைவுள்ள கல்பாலத்துக்கே உரியது என்று ஒருவர் எழுதியிருந்தார். மதகின் சதுரத் திறப்பையும் கண் என்றே சொல்வதால் அந்தத் தடை நிற்காது. புணர்ச்சி விதிப்படி ‘கட்பாலம்’ என்றாகாதா என்ற கேள்விக்கு, மண்பானை என்று எல்லோரும் எழுதுகிற காலத்தில் கண் பாலம் என்று பிரித்தே எழுதுவதில் குற்றமில்லை என்பது என் விடை.

தூணுக்கும், மண்கரை முடிந்து பாலம் தொடங்கும் இடத்தில் நிற்கும் முட்டுச்சுவருக்கும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் பகுதிப் பழைய கொத்தனார்களிடமும் ரயில்பாதைக் கேங்மேன்களிடமும் வேறு பெயர்கள் இருக்கக்கூடும். அப்பக்கத்து உறுப்பினர்கள் விசாரித்து எழுதினால், பட்டியலை இறுதி செய்வதற்கு முன் அவற்றையும் சேர்த்துவிடலாம்.