ஜின் சகாய் ஃபேன் வீடியோ: பிஎஸ்4 காட்சியும் ஏற்காட்டுப் பனியும் ஒட்டவே மாட்டேங்குது

குகை_கேமர்:
கோஸ்ட் ஆஃப் சுஷிமாங்கற சாமுராய் வீடியோ கேமோட நாயகன் ஜின் சகாய்க்கு 3 நிமிஷ ஃபேன் வீடியோ பண்றேன். பாதி கேம் காட்சி, பாதி ஏற்காட்டுல எடுக்குறது (ஃப்ரெண்ட் ஜின் வேஷத்துல). கையில இருக்கிறது சாதா பிஎஸ்4, ஒரு ஆண்ட்ராய்டு போன், 8 ஜிபி ரேம் லேப்டாப், டாவின்சி ரிசால்வ் (எடிட்டிங் மென்பொருள்) இலவசப் பதிப்பு. ட்ரையல் போட்டுப் பார்த்ததுல சிக்கல் இவ்வளவு:

ஷேர் பட்டன்ல ரெக்கார்ட் பண்ணினது மங்கலா இருக்கு. போன்ல எடுத்ததைப் பக்கத்துல வச்சா ரெண்டும் வேற வேற வீடியோ மாதிரி தெரியுது. போன் கிளிப்ல ஒரு நிமிஷம் தாண்டினா சத்தம் நழுவுது. ஈவா ஃபோம்ல செஞ்ச முகமூடி ஒட்டின இடத்துல வாயைப் பிளக்குது. கேமோட பாட்டையே போட்டா யூடியூப்ல பிரச்சினை வருமா?

செவ்வாய்ப்பேட்டை_எடிட்டர்:
முதல்ல மங்கல். சாதா பிஎஸ்4 ஷேர் வீடியோ 720பி தான், அதை என்ன செஞ்சாலும் தெளியாது. ஹெச்டிஎம்ஐ கேப்சர் டாங்கிள் (பிஎஸ்4 படத்தை லேப்டாப்புக்குள்ள வாங்குற சின்னக் கருவி) ஒண்ணு வாங்குங்க, விலை குறைஞ்ச யுஎஸ்பி 2.0 டாங்கிளே போதும். அட்டையில 4கே-ன்னு போட்டிருப்பான், அது உள்ளே வாங்குற சிக்னலுக்கு. பதிவாகறது 1080பி 30 ஃபிரேம் தான். உங்க கேமும் பிஎஸ்4ல 30 ஃபிரேம், அதனால நஷ்டமில்லை.

பிஎஸ்4 செட்டிங்ஸ், சிஸ்டம் உள்ளே போய் ஹெச்டிசிபி (காப்பி எடுக்க விடாத பூட்டு) டிக்கை எடுத்துடுங்க. எடுக்கலைன்னா ஓபிஎஸ்ல (லேப்டாப்ல பதிவு பண்ற இலவச மென்பொருள்) கறுப்புத் திரை தான் வரும். (டிக் இல்லாதப்ப படம் பார்க்குற ஆப்கள் ஓடாது. வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கங்க.) ஓபிஎஸ்ல டாங்கிளோட வீடியோ ஃபார்மட் எம்ஜேபெக்-னு மாத்துங்க. ஒய்யுஒய்2ல விட்டா யுஎஸ்பி 2.0 தாங்காது, 1080பியில நொடிக்கு அஞ்சு ஃபிரேம் கிட்ட விழுந்துடும். கறுப்பு சாம்பலா வெளுத்தாலோ, இருட்டுக்குள்ள விவரமே இல்லாம அடைச்சாலோ, பிஎஸ்4 ஆர்ஜிபி ரேஞ்சும் ஓபிஎஸ் கலர் ரேஞ்சும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். ரெண்டையும் லிமிட்டெட்ல வைங்க. பதிவு எம்கேவி ஃபைலா வைங்க, நடுவுல கரன்ட் போனாலும் ஃபைல் பிழைக்கும். அப்புறம் ஓபிஎஸ்லயே ரீமக்ஸ் கொடுத்தா எம்பி4.

ரொம்பப் பேர் விடுறது ஒண்ணு: கேம் ஆடியோ செட்டிங்ல மியூசிக்கை 0 ஆக்கிட்டுப் பதிவு பண்ணுங்க. பின்னணி இசையோட பதிஞ்சா ஒவ்வொரு வெட்டுலயும் இசை எகிறும், வாள் சத்தத்தைத் தனியாப் பிரிக்கவும் முடியாது. குரோசாவா மோட்லயும் பதியாதீங்க. படம் கறுப்பு வெள்ளை ஆகுறதோட ஒலியையும் பழைய படக்கொட்டாய் ஸ்பீக்கர் மாதிரி மாத்திடும். கலர்ல எடுத்துட்டு ரிசால்வ்ல கலரை இறக்கினா அதே வேலை முடியும், வேண்டாம்னா திருப்பிக்கலாம்.

சத்தம் நழுவுறதுக்குக் காரணம் போன். வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி ஃபிரேம் ரேட்டை ஏத்தி இறக்குது. ஹேண்ட்பிரேக்ல (வீடியோவை மாத்தித் தர்ற மென்பொருள்) கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட், 30 கொடுத்து மாத்தினப்புறம் ரிசால்வுக்குள்ள கொண்டு வாங்க. ரிசால்வ்ல டைம்லைன் ஃபிரேம் ரேட்டை முதல் கிளிப் போடும் முன்னாடியே 30 வைக்கணும், போட்ட பிறகு மாத்த விடாது.

8 ஜிபிக்கு பிராக்ஸி (எடிட் பண்ண மட்டும் வச்சுக்கிற எடை குறைஞ்ச நகல்) இல்லாம வேலைக்காகாது. ரிசால்வ்ல ஃப்யூஷன்ங்கற எஃபெக்ட் பக்கத்தைத் திறக்கவே திறக்காதீங்க.

அழகாபுரம்_கட்ஸ்:
30ல சினிமா ஃபீல் வராது, 24 வைங்க ப்ரோ.

செவ்வாய்ப்பேட்டை_எடிட்டர்:
பிசி பதிப்பு 60ல ஓடினா அதைப் பேசலாம். பிஎஸ்4 காட்சி 30. அதை 24 டைம்லைன்ல போட்டா அஞ்சு ஃபிரேமுக்கு ஒண்ணு காணாமப் போகும். கேமரா சுத்துற ஒவ்வொரு இடத்துலயும் வண்டி குழியில இறங்கின மாதிரி தட்டும். சினிமா ஃபீல் ஷட்டர்லயும் வெளிச்சத்துலயும் தான் இருக்கு.

கொண்டை_ஊசி_20:
ரெண்டும் ஒட்டலைங்கறதுக்குப் பதில் கலர்ல மட்டும் இல்லைங்க, காத்துல இருக்கு. இந்தக் கேம்ல ஜினுக்கு வழி காட்டுறதே காத்து தான், வீடியோவையும் அதையே புடிச்சுக் கோத்துடலாம்.

போட்டோ மோட் (கன்ட்ரோலர் அம்பு பட்டன்ல வலது) திறந்தா காத்தோட வேகம், திசை, பறக்குற இலை, நேரம், வானிலை எல்லாம் மாத்தலாம். சூழல் அசைவை ஆன் பண்ணினா ஜின் சிலையா நிப்பார், புல்லும் இலையும் ஆடிக்கிட்டே இருக்கும். கேமராவுக்கு ரெண்டு மூணு புள்ளி வச்சு டிராக்கிங் ஷாட்டும் எடுக்கலாம். அதனால ஏற்காட்டு ஷாட்டை முதல்ல எடுங்க, கேம் ஷாட்டை அதுக்கேத்த மாதிரி பிறகு எடுங்க. நிஜக் காத்தை நாம திருப்ப முடியாது, கேம் காத்தைத் திருப்பலாம். ஃப்ரெண்டோட துணி இடமிருந்து வலமாப் பறந்தா கேம்லயும் அதே திசை, அதே வேகம். வெட்டு அங்க விழுந்தா கண்ணு நம்பிடும். திசை எதிரா இருந்தா எவ்வளவு கலர் தட்டினாலும் ஒட்டாது.

கேமராவுக்குப் பக்கத்துல, ஃபிரேமுக்கு வெளியே ஒரு குச்சியில நூல் கட்டி வைங்க. எந்த டேக்ல காத்து எந்தப் பக்கம்னு கிளிப் ஆரம்பத்துல அந்த நூலை ஒரு நொடி காட்டிட்டு எடுங்க. எடிட்டிங்ல தேட வேண்டியதில்லை.

இடம்: புல்வெளி வேணும்னா சேர்வராயன் கோயில் மேட்டுச் சமவெளி. ஏற்காட்டுல அவ்வளவு திறந்த வெளியும் காத்தும் வேற எங்கேயும் சுலபமாக் கிடைக்காது. கோயில் வாசல்ல வாள் வேஷத்தோட நிக்காதீங்க, சாமி கும்பிட வர்றவங்களுக்கு இடைஞ்சல். மரம் வேணும்னா காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக், நேரா நெடுநெடுன்னு நிக்கும். ஆனா எல்லாம் தனியார் எஸ்டேட், கேட்டுட்டுத் தான் உள்ளே போகணும். காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம இறங்க வேண்டாம். பனிக்கு அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் விடிகாலை. மே மாசம் கோடை விழா, ஃபிரேம்ல தலை இல்லாத இடமே இருக்காது. வாள் மரத்துலயோ ஃபோம்லயோ இருக்கட்டும், மலை ஏறும்போது துணி சுத்தி வண்டிக்குள்ள வைங்க. பைக் பின்னாடி உறையோட நீட்டிக்கிட்டுப் போனா இருபது கொண்டை ஊசி வளைவுலயும் பதில் சொல்லணும்.

போன்: பிளாக்மேஜிக் கேமரா ஆப் (இலவசம்) போடுங்க. 30 ஃபிரேம், ஷட்டர் 1/60, ஒயிட் பேலன்ஸ் 5600ல பூட்டிடுங்க. ஆட்டோல விட்டா பனி நகர நகர ஒரே ஷாட்ல நீலம், மஞ்சள்னு மாறும். 1/60ல போனுக்கு வெளிச்சம் அதிகமாகும், அதுக்கு என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி): பனின்னா என்டி8, வெயில்னா என்டி64. என்டி இல்லாம விட்டா ஷட்டர் 1/2000க்கு ஓடி அசைவு கத்தரிச்ச மாதிரி வரும். கேமோட மோஷன் பிளருக்குப் பக்கத்துல அது தான் முதல்ல காட்டிக் கொடுக்கும். பனியில மீட்டர் ஏமாந்து வெள்ளையைச் சாம்பலாக்கும், +0.7 ஏத்துங்க. ஃபோகஸ் பூட்டுங்க, இல்லைன்னா முன்னும் பின்னும் தேடிக்கிட்டே இருக்கும். ஆள் கேமராவிலேர்ந்து 3, 4 மீட்டர், பின்னாடி மரம் 15, 20 மீட்டர். அப்பத்தான் அடுக்கு அடுக்கா ஆழம் தெரியும். ஆளே 15 மீட்டர்ல நின்னா பனி முழுங்கிடும்.

ஸ்லோமோஷன் வேணும்னா போன் 60 ஃபிரேம், ஷட்டர் 1/120, பாதி வேகம். அந்தக் கிளிப்புக்கு மட்டும் ஹேண்ட்பிரேக்லயும் 30 இல்லை, 60. கேம் காட்சியை ஸ்லோ பண்ணாதீங்க, 30ல உபரி ஃபிரேம் கிடையாது. அங்க போட்டோ மோட் தான்.

ஏசி போட்ட கார்லேர்ந்து இறங்கினதும் லென்ஸ் பூத்துக்கும், துடைக்கத் துடைக்கப் பூக்கும். கடைசி வளைவுகள்லயே ஏசியை நிறுத்தி ஜன்னலை இறக்கிடுங்க.

குகை_கேமர்:
அண்ணா, கலர்ல எதை எதுக்கு ஒத்து மாத்தணும்? கேமைப் போனுக்கா, போனைக் கேமுக்கா?

கொண்டை_ஊசி_20:
கறுப்பைப் பொறுத்தவரை கேமைப் போனுக்கு. பனியில நிஜக் கறுப்பே கிடையாது, எல்லாம் தூக்கி நிக்கும். கேம் கிளிப்ல லிஃப்டை (இருட்டுப் பகுதியைத் தூக்குற கன்ட்ரோல்) ஏத்துங்க. போனை இறக்கப் பார்த்தா பனி அழுக்காகும். கூர்மையில தலைகீழ்: போன் ஓரங்களைச் செதுக்கி வைக்கும், கேம் மெதுவா இருக்கும். ஆப்ல ஷார்ப்பனிங் ஆஃப், ரிசால்வ் பிளர் ரேடியஸ் 0.50லேர்ந்து 0.52, 0.53 வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு கிளிப்பையும் சமன் பண்ணி முடிச்ச பிறகு தான் பொதுவான சாயல், அதை அட்ஜஸ்ட்மென்ட் கிளிப்ல மொத்தமாப் போடுங்க. கடைசியா ஃபிலிம் கிரெயின். ரிசால்வ்ல வர்ற கிரெயின் எஃபெக்ட் காசு பதிப்புக்கு மட்டும். கிரெயின் வீடியோ ஒண்ணை மேல் டிராக்ல ஓவர்லே மோட்ல ஒப்பாசிட்டி 10, 15 சதவீதம் வைங்க. ரெண்டு காட்சிக்கும் ஒரே தோல் போர்த்தின மாதிரி ஆகும், பனியில பட்டை பட்டையாத் தெரியற கோடும் மறையும்.

இளம்பிள்ளை_தறி:
முகமூடி பிளக்குறதுக்குக் காரணம் பசை இல்லை, அவசரம். 5 மி.மீ. ஈவா ஷீட்டை வெட்டினதும் வெட்டின ஓரம் உட்பட ஹீட் கன் காட்டணும், மேற்பரப்பு லேசா மினுங்கற வரைக்கும். வளைவை அந்தச் சூட்டுலயே புடிக்கணும், ஒட்டின பிறகு வளைச்சா மூட்டு இழுபடும். பசை ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை. ரெண்டு பக்கமும் மெல்லிசாத் தடவி 10, 15 நிமிஷம் விடுங்க, விரல் வச்சா பசை விரலுக்கு வரக் கூடாது, லேசா இழுக்க மட்டும் செய்யணும். அப்புறம் ஒரே அழுத்து. ஈரமா இருக்கும்போதே சேர்த்தா கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கும், மலையில குளிர் பட்டதும் வாயைப் பிளக்கும். மேல வெள்ளை ஃபெவிகாலும் தண்ணியும் சரி பாதி கலந்து மூணு கோட், காய்ஞ்ச பிறகு கறுப்பு. அப்படியே ஃபோம் மேல ஸ்ப்ரே அடிச்சா உறிஞ்சித் திட்டுத் திட்டா நிக்கும்.

உடைக்கு மரவள்ளி மாவு கஞ்சி. சேலத்துல அதுக்கா பஞ்சம்? ரெண்டு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சு, ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணியில ஊத்திக் கண்ணாடி மாதிரி தெளியற வரைக்கும் கிண்டணும். கீழாடை மடிப்பு நல்லா நிக்கும். ஆனா தோள் பகுதிக்குக் கஞ்சியை நம்பாதீங்க, பனியில ஈரம் இழுத்து அரை மணியில துவண்டுடும். அங்க உள்ளே டெய்லர் கடை பக்ரம் (காலருக்கு வைக்கிற விறைப்புத் துணி) வச்சுத் தைக்கணும். துணி வெளுத்த கறுப்பா இருக்கட்டும், ஜெட் பிளாக் போன்ல வெறும் ஓட்டையாத் தெரியும்.

அம்மாப்பேட்டை_குழல்:
பாட்டு விஷயம். கேம் இசை ஆல்பமா வெளிவந்திருக்கு, யூடியூப் கன்டென்ட் ஐடி (காப்புரிமைப் பாட்டைத் தானாக் கண்டுபிடிக்கிற அமைப்பு) பிடிக்க வாய்ப்பு அதிகம். கிளெய்ம் வந்தா விளம்பர வருமானம் அவங்களுக்குப் போகும், இல்லைன்னா வீடியோவைத் தடுப்பாங்க. ஸ்ட்ரைக் வேற, அது 90 நாளைக்குள்ள மூணு வந்தா சேனலே போயிடும். ஃபேன் வீடியோக்குப் பொதுவா வர்றது கிளெய்ம் தான்.

அதுக்குப் புல்லாங்குழலே போதும். கேம்லயும் ஜின் குழல் வாசிப்பார் (டச்பேடை இடது பக்கம் தள்ளினா), அதனால ஒட்டும். தெரிஞ்ச குழல்காரர் யாராவது இருந்தா 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 அடி) கிளிக் போட்டு வாசிக்கச் சொல்லுங்க. 30 ஃபிரேம் டைம்லைன்ல ஒரு அடி சரியா 20 ஃபிரேம், ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் 160 ஃபிரேம். பின்னம் இல்லாததால வெட்டு எப்பவும் அடி மேலயே விழும். 95, 97ன்னு வச்சா பத்து வெட்டுக்குள்ள நழுவும். எல்லா அடியிலயும் வெட்டாதீங்க, சமத்துல (ஆவர்த்தனத்தோட முதல் அடி) மட்டும் பெரிய வெட்டு. சண்டை வர்ற இடத்துல அடிக்கு ஒண்ணு.

இன்னொண்ணு, 3 நிமிஷம் அதிகம். ஒண்ணரை நிமிஷம்னா கிட்டத்தட்ட 17 ஆவர்த்தனம், ஷாட்டுக்குச் சராசரியா 3 நொடி வச்சா 30 ஷாட். அந்த முப்பதையும் நோட்ல எழுதி ஒவ்வொண்ணுக்கும் 'கேம்' இல்ல 'மலை'ன்னு போட்டுட்டுத் தான் ஏறணும். மாமா ஷிமுரா சொல்ற மானமா, ஊரைக் காப்பாத்துற பேய் வேஷமாங்கற இழுபறி தான் ஜின். கொல்ற காட்சியை மட்டும் கோத்தா அது எந்த வீரனுக்கும் பொருந்தும்.

பேச்சு வைக்கிறதா இருந்தா: பிஎஸ்4ல ஜப்பானியக் குரலுக்கு உதடு ஒத்துப் போகாது, அது 2021ல பிஎஸ்5 டைரக்டர்ஸ் கட்ல தான் வந்துச்சு. முகம் திரும்பின ஷாட் மேல குரலை வைங்க. நடிகர் குரலை ஏஐல தமிழாக்கிப் போடாதீங்க, அது வேற வம்பு.

குகை_கேமர்:
நன்றிண்ணா. தமிழ் டைட்டில் ரிசால்வ்ல கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்குது. எக்ஸ்போர்ட் என்ன வைக்கட்டும்?

செவ்வாய்ப்பேட்டை_எடிட்டர்:
டைட்டிலை இங்க்ஸ்கேப்ல (இலவச வரைகலை மென்பொருள்) அடிச்சு பின்னணி இல்லாத பிஎன்ஜியா எடுத்து டைம்லைன்ல வைங்க தம்பி.

எக்ஸ்போர்ட் 2560×1440, 30 ஃபிரேம், ஹெச்.264, 24 எம்பிபிஎஸ். டைம்லைன் 1080பியா இருந்தாலும் இப்படியே ஏத்துங்க. 1080பியா ஏத்தினா யூடியூப் அழுத்துற அழுத்துல புல்லும் பனியும் கூழாயிடும், 1440க்கு நல்ல கோடெக் கிடைக்கும். சத்தம் மொத்தமா -14 லஃப்ஸ் (சத்த அளவு) கிட்ட, உச்சம் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஏத்தினதும் லிங்கை அனுப்பாதீங்க. 1440 தரம் பிராசஸ் ஆகி வரச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் 'அன்லிஸ்டட்'ல வைங்க, கிளெய்ம் ஏதும் வந்திருக்கான்னு அந்த நேரத்துலயே செக்ஸ் பக்கத்துல தெரிஞ்சுடும்.