உத்தரவு என் கையில் இருந்தது, ஸ்டேஷனில் இல்லை

என்னைத் துன்புறுத்தக் கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிவிட்டால் என் கணவர் வாசற்படி ஏறமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பதினேழாவது நாள் ராத்திரி பத்தரைக்கு வந்து கேட்டைப் பிடித்து உலுக்கினார். தாழ்ப்பாளை ஒரு கையால் அழுத்திக்கொண்டே 100-க்கு போன் செய்தேன். எதிர்வீட்டில் வராந்தா விளக்கு எரிந்தது, அப்புறம் அணைந்தது. வந்த காவலர்கள் அவரை அனுப்பிவிட்டு, "காலையில ஸ்டேஷனுக்கு வாங்கம்மா" என்றார்கள்.

காலையில் போனால் ரைட்டர், "கோர்ட்லேர்ந்து எங்களுக்கு ஒண்ணும் வரலையே" என்றார். மேஜையில் இருந்த காகிதக் கட்டை இரண்டு தடவை புரட்டிக் காட்டினார். குடும்ப விஷயம்தானே, பேசிப் பாருங்கள் என்று வெறும் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) எழுத ஆரம்பித்தார்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, உத்தரவின் நகல் இரு தரப்புக்கும் மட்டுமல்ல, காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போகவேண்டும். அதை நடுவரே (மாஜிஸ்திரேட்) உத்தரவிட வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நகல் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் எங்கோ படுத்துவிட்டது. நல்லவேளை, முத்திரை வைத்த என் பிரதி பையில் இருந்தது, மடித்து மடித்து ஓரம் கிழிந்த நிலையில்.

இந்தச் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு போன் செய்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். புகாரையும் உத்தரவு நகலையும் சேர்த்து நடுவருக்கு அவரே அனுப்பினார். விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. நேராக ஸ்டேஷனுக்கோ நடுவரிடமோ போகவும் தடையில்லை. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனில் விட வேண்டிய கட்டாயமும் இல்லை. "பேசிப் பாருங்கள்" என்று சொல்கிற விஷயமா இது?

எனக்குத் தெம்பு தந்தது 32-வது பிரிவு. பாதிக்கப்பட்டவளின் சாட்சியத்தை மட்டும் வைத்தே மீறல் நடந்தது என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். எதிர்வீட்டார் விளக்கை அணைத்ததைப் பற்றி அப்புறம் நான் கவலைப்படவில்லை.

*

நீங்கள் எழுதியதைப் படித்தேன், சகோதரி. எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. தங்கையின் கணவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. ராத்திரி முழுக்க வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். "நேர்ல வந்தாத்தானே தப்பு" என்று அதிலேயே ஒரு பதிவு வேறு!

தங்கை வாங்கியிருந்த பாதுகாப்பு உத்தரவை அப்போதுதான் வரி வரியாகப் படித்தோம். நேரிலோ, எழுத்திலோ, போனிலோ, மின்னணு முறையிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதிவாரியாக அச்செடுத்து மனுவோடு வைத்தோம். மீறலை முடிந்தவரை உத்தரவு போட்ட நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் தங்கை முதலிலிருந்து எல்லாக் கதையும் சொல்லி அழவேண்டியிருக்கவில்லை. அடுத்த வாய்தா வரும் மாதம்.