'ட்ரூயன்சி'க்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

நண்பர்களே,

கலிபோர்னியாவில் பள்ளி வருகை விதிகளைத் தமிழ்ப் பெற்றோருக்காகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்வியாண்டில் ஏற்கத்தக்க காரணமின்றி 3 முழு நாள் வராவிட்டாலோ, 30 நிமிடத்துக்கு மேல் 3 முறை வகுப்பில் இல்லாவிட்டாலோ அந்தப் பிள்ளை 'ட்ரூயண்ட்', அப்படி வராதிருப்பது 'ட்ரூயன்சி'. 'மட்டம் போடுபவர்' என்று எழுதக் கை கூசுகிறது.

——

'பள்ளிக்கரவு' என்க. கரத்தல், மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' நினைவிருக்கும். வியப்பு என்னவென்றால், 'ட்ரூயண்ட்' பழைய பிரெஞ்சில் இரவலனைக் குறித்த சொல். குறளிலும் இரவு (இரத்தல்) அதிகாரத்தில்தான் கரப்பு திரும்பத் திரும்ப வருகிறது! இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

——

ஐயா, அங்கே கரப்பவன் இல்லையென்று ஒளிப்பவன், இரப்பவன் அல்லன். உங்கள் வேர் தலைகீழாக நிற்கிறது. தவிர, 'கரவு' என்றால் பாதிப் பேர் பால் கறப்பதைத்தான் நினைப்பார்கள். 'வரி ஏய்ப்பு' எல்லாருக்கும் தெரியும். 'பள்ளி ஏய்ப்பு' என்று போட்டு முடியுங்கள்.

——

நான் வகுப்பெடுப்பவள். இரண்டுமே வேண்டாம். பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது, வீட்டார் பள்ளிக்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த நாளும் ஏற்கப்படாத நாளாகவே பதிவாகும். இதில் அந்தப் பிள்ளை யாரை ஏய்த்தது, எதைக் கரந்தது?

'அனுமதியற்ற விடுப்பு' என்று வரைவில் பார்த்தேன். விட்டால்தானே விடுப்பு? 'காரணமில்லா' என்பதும் சரிப்படாது, காரணம் இருக்கும், பள்ளி ஏற்றிருக்காது. 'ஏற்கப்படாத வராமை' என்பது என் பரிந்துரை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி நாள்களில் 10 விழுக்காடோ மேலோ வராதவர்களுக்கு அங்கே தனிப்பெயர். அந்தக் கணக்கில் மருத்துவர் சீட்டு கொடுத்த நாள்களும் சேரும், ட்ரூயண்ட் கணக்கில் சேராது. இரண்டையும் 'தொடர் வராமை' என்று எழுதிவிட்டால், ஒழுங்காகச் சீட்டுக் கொடுத்த அம்மா அபராதம் வருமோ என்று நடுங்குவார்.

——

'வராமை' அன்று, 'வாராமை'.

——

ஐயா, நாளை வியாழன்.

——

சரி, 'ஏற்கப்படாத வராமை' என்றே அனுப்புகிறேன். ஏய்ப்பு அன்பர் உட்பட மூவர் இசைவு, மற்றவர்கள் மௌனம். 10 விழுக்காட்டுக்கு 'மிகுவராமை'. ஓரிடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'மட்டம் போடுதல்' என்று சேர்த்திருக்கிறேன். பெற்றோருக்குப் புரிய வேண்டுமே.

——

என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். செயலுக்குப் பெயர் வைத்தீர்கள், ஆளுக்கு? 'ஏற்கப்படாத வராமையர்' என்றா எழுதுவீர்கள்? ஓராண்டில் 3 முறையோ மேலோ ட்ரூயண்ட் என்று அறிக்கை போய், பெற்றோரை அழைத்துப் பேசவும் முயன்ற பிறகு, அந்த மாணவருக்கு வேறொரு பெயரும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வரைவில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

'தொடர்கரவர்'. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.