மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டலாமா?

ராஜபாளையம் டெய்லர்:
வணக்கம். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசைப்படுகிறாள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் படித்ததில்லை. புரோக்கர் ஒருவர், "கவுன்சலிங்கை நம்பாதீர்கள், 50,000 முன்பணம் கட்டினால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் உறுதி" என்று தினமும் போன் செய்கிறார். வளையலை அடகு வைக்கலாமா?

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி, வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால், தனியார் கல்லூரியானாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த அன்றே அந்த உரிமை போய்விடும். நன்றாகப் படித்த எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோர் இது தெரியாமல் கடனாளியாகிறார்கள், மனசு ஆறவில்லை.

ஒருவேளை 7.5-இல் கிடைக்காமல் பொதுக் கவுன்சலிங்கில்தான் இடம் கிடைத்தால், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உதவும். அதுவும் கவுன்சலிங்கில் வருபவர்களுக்கு மட்டுமே. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். புரோக்கர் கையில் ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுக்கவே கூடாது.

மூன்றாம் வருட மாணவி:
அங்கிள், நான் அந்த 7.5-இல் வந்தவள்தான். லேப்டாப், ரெக்கார்டு நோட்டு, லீவுக்கு ஊருக்குப் போகும் பஸ் செலவு எல்லாம் நம் கையிலிருந்துதான். அதற்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது, நான்கு வருடத்துக்கு 48,000. காலேஜில் வேறு ஏதாவது பெயர் சொல்லிப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

ராஜபாளையம் டெய்லர்:
ரொம்ப நன்றி. புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று: சின்னவன் ஏழாவது, அரசுப் பள்ளிதான். அடுத்த வருடம் மெட்ரிகுலேஷனில் சேர்க்கலாம் என்றிருந்தோம்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்களே பணம் கட்டித் தனியாரில் ஒரு வருடம் சேர்த்தாலும் 7.5 போய்விடும். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயும் அதோடு போகும். ஆங்கிலம்தான் கவலை என்றால் அதே அரசுப் பள்ளியில் ஆங்கில வழி வகுப்பு இருக்கிறதா என்று முதலில் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள்.