ஹாலிபேர்ட்டன் பக்கம் ஸ்னோமொபில் (பனியில ஓடுற வண்டி) ஓட எந்த சஸ்பென்சன் சரி? ஷொக் மாத்தவோ, ஸ்லெட்டையே, அதாவது வண்டியையே மாத்தவோ?

பனித்தடம்:
வணக்கம் எல்லாருக்கும். போன மாரியில ஒரு பழைய ஸ்னோமொபில் வேண்டினனான், 137 இஞ்ச் ட்ராக் (அடியில சுத்தி வண்டியைத் தள்ளுற றப்பர்ப் பட்டி), ட்ரெயில் மொடல். ரொறன்ரோவில இருந்து சனி ஞாயிறுகளில ஹாலிபேர்ட்டன் போய் ஓடுறன், காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற ட்ரெயில்தான் முழுக்க. பிரச்சினை ரெண்டு. வளைவில ஹாண்டிலைத் திருப்பினாலும் முன்னால இருக்கிற ஸ்கீ கடிக்காமல் நேர இழுத்துக்கொண்டு போகுது, போன கிழமை ஒரு மரத்துக்குக் கிட்டப் போய்த்தான் நிண்டது, உண்மையாப் பயந்திட்டன். மற்றது, பின்னேரமாகி ட்ரெயில் குண்டும் குழியுமா வந்தாப்பிறகு ஒவ்வொரு திட்டிக்கும் பின்பக்கம் டம்மெண்டு அடிபடுது, நாரி விட்டுப்போகுது. உடுப்பு, ஹெல்மெட் எல்லாத்தோடயும் நான் 240 பவுண்ட் வருவன். கடைக்காரர் ஒருத்தர் நாலு ஷொக்கையும் மாத்தச் சொல்றார். சிநேகிதன் 154 இஞ்ச் மலை ஸ்லெட் எடு, எல்லாத்துக்கும் தோதா இருக்குமெண்டுறான். ரெண்டில ஒண்டுக்குத்தான் காசு இருக்கு. என்ன செய்யட்டும்?

மஸ்கோகா அண்ணை:
தம்பி, ரெண்டையும் செய்யாதேங்கோ, முதல்ல ஒரு டேப் எடுத்து அளவுங்கோ. ரெண்டு பிரச்சினையும் ஒரே இடத்தில இருந்துதான் வருதெண்டு நினைக்கிறன், பின் ஸ்பிரிங் உங்கட பாரத்துக்குக் காணாது. பின்பக்கம் குந்தினா முன்பக்கம் எழும்பும், ஸ்கீயில பாரம் இருக்காது, பிறகு எப்பிடித் திரும்பும்?

பின் பம்பரைப் பிடிச்சுத் தூக்கி, சஸ்பென்சன் முழுசா நீண்டாப்பிறகு நிலத்தில இருந்து பம்பருக்கு எவ்வளவெண்டு அளவுங்கோ. பிறகு முழு உடுப்போட ஏறி, ரெண்டு தரம் அமத்திக் குலுக்கிப்போட்டு அசையாமல் இருங்கோ, வேற ஆளைக்கொண்டு அதே இடத்தை அளவுங்கோ. அந்த வித்தியாசம்தான் சாக். ட்ரெயில் ஸ்லெட்டுக்கு 3, 4 இஞ்ச் எண்டா பரவாயில்லை, 6 வந்தா ஸ்பிரிங்தான் குற்றவாளி. டோர்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங் எண்டா அதின்ர நுனி தங்கிற இடத்தில ஒரு காம் (திருப்பி வைக்கிற கட்டை) இருக்கும், தாழ்வு, நடு, உயரம் எண்டு மூண்டு நிலை. அதை ஏத்திப் பாருங்கோ. உச்சத்தில வைச்சும் இறங்கினா தடிச்ச ஸ்பிரிங் போடவேணும், அது நாலு ஷொக் விலையில ஒரு சின்னப் பங்குதான்.

அதுக்குப் பிறகும் ஸ்கீ கடிக்கேல்லையெண்டா லிமிட்டர் ஸ்ட்ராப்பை (பின் சஸ்பென்சனின்ர முன்பக்கம் கூட நீளாமல் பிடிக்கிற பட்டி) ஒரு ஓட்டை இறுக்குங்கோ, ஸ்கீயில பாரம் கூடும். இளக்கினா மூக்கு தூக்கும். ஸ்கீக்குக் கீழ இருக்கிற கார்பைட்டையும் (பனியைக் கடிக்கிற கடின உலோக விளிம்பு) தடவிப் பாருங்கோ, அது மொட்டையா இருந்தா எந்த சஸ்பென்சனும் உங்களைத் திருப்பாது.

கல்கரி பவுடர்:
ப்ரோ, நான் கல்கரில இருக்கேன், ரெவல்ஸ்டோக், கோல்டன் பக்கம் மலைக்குத்தான் போவேன், என்கிட்ட இருக்கறதே 154 தான், அதனால சொல்றேன், ஹாலிபேர்ட்டனுக்கு அதை வாங்காதீங்க. மலை ஸ்லெட்ல ரெண்டு ஸ்கீக்கும் நடுவுல 36 இஞ்ச் கிட்டத்தான் இருக்கும், ட்ரெயில் ஸ்லெட்ல 42, 43 வரும். நிறைய மாடல்ல ஸ்வே பாரே (வண்டி சாயாம பிடிக்கற கம்பி) கிடையாது. ஏன்னா சரிவுல குறுக்கால போகும்போது வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சே ஓட்டணும், லேசா சாயணும். ஸ்கீ-டூ சம்மிட்ங்கற மலை ஸ்லெட்ல வர டி-மோஷன் சஸ்பென்ஷன்ல பின் ஸ்கிட் (ட்ராக்கைத் தாங்கற சட்டம்) கூட பக்கவாட்டுல கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், பவுடர்ல அது சொர்க்கம். அதே வண்டி இறுகின ட்ரெயில் வளைவுல உள்பக்க ஸ்கீயைத் தூக்கிடும். கேஸ் கொடுத்தா எடை பின்னாடி போற மாதிரிதான் அதோட பின் சஸ்பென்ஷனும், உங்க ட்ரெயில் ஸ்லெட்ல கப்ளிங் (பின் சஸ்பென்ஷனோட முன், பின் பாகத்தை இணைச்சு வைக்கற அமைப்பு) அதைத் தடுத்து ஸ்கீயைத் தரையில வெச்சிருக்கும். இன்னொண்ணு, இறுகின பாதைல தளர்ந்த பனி கூலர் மேல போதுமா அடிக்காது, இன்ஜின் சூடேறும், ஸ்லைடும் (ட்ராக் உரசி ஓடற பிளாஸ்டிக் பட்டை) உருகும். மலை ஆசை இருந்தா இங்க வந்து வாடகைக்கு எடுங்க. ஆனா பீக்கன் (பனில புதைஞ்சவரைத் தேடற சிக்னல் கருவி), ப்ரோப் (பனியைக் குத்திப் பாக்கற கம்பி), ஷவல் இல்லாம, பனிச்சரிவு பத்திப் படிக்காம மலைல கால் வைக்காதீங்க.

பழைய ஸ்பானர்:
மஸ்கோகா அண்ணை சொன்னதோட ஒண்டு. பழைய ஸ்லெட் எண்டபடியா ஷொக்கைக் கடைசியா எப்ப சேர்விஸ் செய்தவங்களெண்டு விசாரியுங்கோ. தண்டில எண்ணெய் கசிஞ்சிருக்கோ பாருங்கோ. கழட்டிக் கையால அமத்தேக்க இடையில ஒரு இடத்தில வெறுமையா விழுந்தா உள்ள எண்ணெயோ காஸோ குறைஞ்சிட்டுது, திரும்பக் கட்டுவிச்சாக் காணும். காத்து ஷொக் எண்டா வெளிக்குளிரில வைச்சு அமுக்கம் பாருங்கோ, சூடான கராஜில அடிச்ச காத்து -20ல குறைஞ்சுபோகும். நாள் முழுக்கத் திட்டியில வேகமா அடிச்சு ஓடுற ஆக்களுக்கு எண்ணெய் சூடேறி ஷொக் இளகும், அவைக்கு விலை கூடின ஷொக் வேணும். நான் மனுசியைப் பின்னால ஏத்திக்கொண்டு ஆறுதலா ஓடுறனான், எனக்குத் தேவைப்பட்டது ஆள் ஏறேக்க ஸ்பிரிங்கை ஒரு படி ஏத்திறது மட்டும்தான்.

பனித்தடம்:
அளந்திட்டன் அண்ணை. தம்பிதான் டேப் பிடிச்சவன். ஆறரை இஞ்ச்! காம் ரெண்டு பக்கமும் அடி நிலையில இருந்தது, முந்தி ஓடினவர் மெல்லிய ஆளாம். நடுவில வைக்க 5, உச்சத்தில 4 வருது. கார்பைட்டும் தேய்ஞ்சுபோச்சு, புதுசுக்குச் சொல்லியிருக்கிறன். ஷொக்கில கசிவு இல்லை. ஸ்ட்ராப்பையும் இப்பவே இறுக்கிப்போட்டு சனிக்கிழமை போகட்டோ?

மஸ்கோகா அண்ணை:
இப்ப தொடாதேங்கோ தம்பி. காமும் கார்பைட்டும் மாத்தினதோட ஒரு நாள் ஓடுங்கோ, காலமை ட்ரெயில் சீவின கையோட ஒருக்கா, பின்னேரம் குழி விழுந்தாப்பிறகு ஒருக்கா. எல்லாத்தையும் ஒண்டா மாத்தினா எது வேலை செய்ததெண்டு விளங்காது, ஸ்ட்ராப் கூட இறுகினா ஹாண்டில் பாரமாகித் தோள்மூட்டு நோகும். சாவியும் டேப்பும் பாக்கில கொண்டுபோங்கோ, தேவையெண்டா அங்கயே ஒரு ஓட்டை இறுக்கலாம்.